பிள்ளைக்குக் காதடைத்தால்: நம் ஊரின் ஒரு பழைய கதை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படுத்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஆசிரியர்களாக இருக்கிறவர்கள் எங்களுக்காகவும் ஒருமுறை வாசியுங்கள். ஏனென்றால் இதில் எங்கள் பிழை ஒன்றும் இருக்கிறது.

போன மாரியில் எங்கள் வகுப்பில் ஒரு மகன் இருந்தான். தரம் இரண்டு. பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். கேள்வி கேட்டால் "ஆ?" என்பான். சொல்வதெழுதலில் "பல்" என்று சொன்னால் "கல்" என்று எழுதுவான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். நாங்கள் என்ன செய்தோம்? "கவனமில்லாத பிள்ளை" என்று முடிவு செய்தோம். குழப்படி என்று பின் வாங்கில் இருத்தினோம். ஒருநாள் பொறுமை போய்க் காதைப் பிடித்துத் திருகியும் விட்டோம்.

இரண்டு கிழமை கழித்து அவனுடைய உம்மா கிளினிக் கொப்பியோடு வந்தார். "டீச்சர், இவனுக்குக் காதடைப்பாம். செவிப்பறைக்குப் பின்னால தண்ணி நிக்குதாம். ரெண்டு காதும் மந்தமாத்தான் கேக்குதாம். முன்னுக்கு இருத்தச் சொன்னவங்க" என்றார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆசிரிய கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தோம். கற்றல் இடர்ப்பாடு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் காதடைத்த பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கும் என்பது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் தேட ஆரம்பித்தோம். நம் ஊரில் காதடைத்த பிள்ளைக்கு முன்பு என்ன செய்தார்கள்? எது சரி, எது பிழை? இந்த அறிவு எப்போது இங்கே வந்தது, வந்த பிறகும் ஏன் வீட்டுக்குள் நுழையவில்லை? தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உம்மம்மாவின் உள்ளி எண்ணெய்

பிள்ளைக்குத் தடிமன் பிடித்து, இரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? ஒரு கரண்டியில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எடுத்து, இரண்டு பல்லு உள்ளியைத் தட்டிப்போட்டு, விளக்கில் காய்ச்சி, ஆறவைத்துக் காதில் இரண்டு சொட்டு விடுவார்கள். கைக்குழந்தை என்றால் தாய்ப்பாலைக் காதுக்குள் பீச்சுவார்கள். பிறகு பஞ்சு வைத்து அடைப்பார்கள். அடைப்பு எடுபடவில்லை என்றால் ஈர்க்கு, நெருப்புக்குச்சி, சட்டைப்பின் என்று கையில் கிடைத்ததால் கிண்டுவார்கள். தலையைப் போர்த்தி வேது பிடிப்பிப்பார்கள்.

இதைப் பகிடி பண்ணுவதற்காக எழுதவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு, வாகனமும் டொக்டரும் இல்லாத காலத்தில், அழுகிற பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தாய்க்குச் செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். இளஞ்சூடான எண்ணெய் சிறிது இதமாகவும் இருந்திருக்கும். இதற்குப் பின்னால் ஒரு மருத்துவ மரபும் உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் "பரராசசேகரம்", "செகராசசேகரம்" போன்ற வைத்திய நூல்கள் நம் மண்ணின் சொத்து. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை ஏடுகளிலிருந்து பதிப்பித்துக் காப்பாற்றித் தந்தார். சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. ஊர்ப் பரியாரிமார் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து மருந்து கொடுத்தவர்கள். வீட்டில் நாம் செய்வது பரியாரியாரின் வைத்தியம் அல்ல. அதில் கேள்விப்பட்ட ஒரு துண்டு மட்டும்.

நம் முஸ்லிம் மரபிலும் காது வைத்தியம் பழையது. 1037 இல் வபாத்தான இப்னு சீனா, தன்னுடைய "அல்கானூன்" நூலில் தலை முதல் கால் வரையான நோய்களைச் சொல்லும் பாகத்தில் காதுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் முந்தியவர், ஸ்பெயினின் குர்துபா நகரத்து அஸ்ஸஹ்ராவி. அவருடைய 30 பகுதிகள் கொண்ட "அத்தஸ்ரீப்" நூலின் கடைசிப் பகுதி அறுவை வைத்தியம். கருவிகளின் படங்களோடு எழுதப்பட்டது. காதில் விழுந்த பொருளை எடுப்பதற்கு அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. கல்லா, கடலையா, தண்ணீரா, பூச்சியா என்று முதலில் பிரித்துப் பார்த்து, அதற்கேற்றபடிதான் கை வைக்கவேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்த ஒழுங்கை நாம் இன்றும் பின்பற்றுவதில்லை. என்ன அடைத்தது என்று பார்க்காமலே எண்ணெய் விடுகிறோம்.

காதுக்கு இரண்டு வாசல்

இந்தப் பதிவில் ஒரேயொரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வோம். காதுக்கு வாசல் இரண்டு. வெளி வாசல் நம் கண்ணுக்குத் தெரிகிற துவாரம். அது செவிப்பறையோடு முடிந்துவிடும். செவிப்பறைக்கு அந்தப் பக்கம் நடுக்காது என்று ஒரு சின்ன அறை. அந்த அறைக்குக் காற்று வருவது வெளியே இருந்து அல்ல. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடும். நம் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் "ஊத்தேக்கியாவின் குழாய்" என்று படித்தோமே, அதுதான்.

தடிமன் வந்தால் அந்தக் குழாயின் உட்பக்கம் வீங்கி மூடிவிடும். அறைக்குக் காற்று வராது. செவிப்பறை உள்ளே இழுபடும். பிறகு அந்த அறையில் நீர் ஊறும். சில பிள்ளைகளில் அது பசை போலத் தடித்துவிடும். செவிப்பறை சரியாக அதிராது. பிள்ளைக்கு உலகம் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலக் கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். பெரியவர்களில் இந்தக் குழாய் நீளமாகவும் சரிவாகவும் இருக்கும். குழந்தைகளில் அதன் நீளம் ஏறத்தாழப் பாதிதான், கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். அதனால் லேசில் அடைபடும், மூக்கிலிருந்து கிருமியும் லேசில் போய்ச் சேரும். ஏழு, எட்டு வயதாகும்போது பெரும்பாலான பிள்ளைகளில் இந்தத் தொல்லை குறைந்துவிடும்.

இப்போது உள்ளி எண்ணெயை யோசித்துப் பாருங்கள். அது வெளி வாசலில் ஊற்றப்படுகிறது. அடைப்பு இருப்பது உள் வாசலில். நடுவில் செவிப்பறை என்ற சுவர். எண்ணெய் அங்கே போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் எண்ணெய் விடவே கூடாது.

இந்த உள் வாசலை மனிதர்கள் விளங்கிக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. ஏறத்தாழ 2500 வருடத்துக்கு முன் வாழ்ந்த கிரேக்கத்து அல்க்மயோன் என்பவர், ஆடுகள் காதாலும் மூச்சு விடுகின்றன என்று நினைத்தாராம். அது பிழை என்று அரிஸ்டோட்டில் எழுதி வைத்தார். 16 ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பார்தொலோமியோ யூஸ்டாக்கி இந்தக் குழாயைத் தெளிவாக விவரித்தார். அவருடைய பெயர்தான் நம் பாடப்புத்தகத்தில் "ஊத்தேக்கி" ஆகிவிட்டது. 1704 இல் வல்சால்வா என்ற இன்னொரு இத்தாலியர், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெதுவாக ஊதினால் காற்று நடுக்காதுக்குப் போகும் என்று எழுதினார். விமானத்தில் காதடைத்தால் நாம் செய்வது அதைத்தான்.

அதற்குப் பிறகு வந்தவர் வைத்தியர் கூட இல்லை. பிரான்சில் வெர்சாய் நகரத்தின் தபால் அதிபர் கியோ. காது மந்தமாகிப்போன அவர், வளைந்த குழாய் ஒன்றை வாய் வழியாகச் செலுத்தித் தன் காதைத் தானே கழுவும் வழியைக் கண்டுபிடித்து, 1724 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் சமர்ப்பித்தார். 1863 இல் வியன்னாவின் அடம் பொலிற்சர் அதை இலகுவாக்கினார். நோயாளி வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு மூக்குத் துவாரத்தில் இறப்பர்ப் பந்தின் முனையை வைத்து, மற்றத் துவாரத்தை மூடி, அவர் விழுங்கும் அதே நேரத்தில் பந்தை அமத்தவேண்டும். விழுங்கும்போது குழாய் தானாகத் திறக்கும், காற்று உள்ளே போகும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை.

மானிப்பாயில் தமிழில் வந்த அறிவு

பொலிற்சர் வியன்னாவில் இதைச் செய்துகொண்டிருந்த அதே வருடங்களில், நம் மானிப்பாயில் ஒரு மனிதர் தமிழில் வைத்திய நூல்களை எழுதிக்கொண்டிருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்க மிஷன் வைத்தியர்கள் 1820 இலேயே நம் குடாநாட்டுக்கு வந்துவிட்டார்கள். பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் பார்த்தார். 1847 இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துதான். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். அங்கே வைத்தியம் பார்த்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியமும் கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவர் கையால் உருவானார்கள். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவார், தமிழில் படித்தவர் ஊரில் இருந்து ஊருக்கு வைத்தியம் செய்வார் என்பது அவருடைய கணக்கு. மாணவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை.

1857 இல் கற்றர் என்பவருடைய உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரப் பாடநூல் தமிழில் வந்தது. அதே வருடம் பிரசவ வைத்திய நூல். 1867 இல் இரண வைத்தியம். 1872 இல் உலகம் முழுவதும் படிக்கப்பட்ட கிறே என்பவரின் உடற்கூற்று நூல் "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில், 800 பக்கங்களுக்கு மேல். 1875 இல் "கெமிஸ்தம்". கிறீன் 1873 இல் ஊர் திரும்பிய பிறகும் அமெரிக்காவில் இருந்துகொண்டு தமிழ் நூல்களுக்காக உழைத்தார். 1884 இல் இறந்தார். தமிழருக்கான வைத்திய ஊழியர் என்றுதான் அவருடைய கல்லறையிலேயே எழுதியிருக்கிறது.

அவர் வந்தது தன் மதத்தைப் பரப்பத்தான், அதை அவர் மறைக்கவில்லை. நம் மூத்தவர்கள் அந்த மிஷன் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கியதற்கும் அது ஒரு காரணம். அதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்லவேண்டும்: காதின் உள்ளறையும், குழாயும், செவிப்பறையும் எப்படி இருக்கும் என்பது 150 வருடத்துக்கு முன்பே, சோனகதெருவிலிருந்து சில கட்டை தூரத்தில், தமிழில் எழுதப்பட்டுவிட்டது. புத்தகம் வைத்தியரின் அலுமாரிக்குப் போனது. தாயின் கைக்குப் போகவில்லை. அறிவு ஊருக்கு வருவது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. இரண்டாவதைச் செய்யவேண்டியவர்கள் ஆசிரியர்கள். நாங்கள்தான்.

ஆஸ்பத்திரி, பென்சிலின், கைதடி

1850 இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கிய சிநேகித சங்கத்து ஆஸ்பத்திரிதான் வளர்ந்து இன்றைய யாழ். போதனா வைத்தியசாலை ஆனது. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியட் ஆஸ்பத்திரி வந்தது. ஆனால் அந்தக் காலத்து டொக்டர்மாருக்கும் காதுச் சீழ் பயங்கரமான ஒன்று. நடுக்காதில் பிடித்த சீழ், காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குப் பரவும். அங்கிருந்து மூளைக்கும் போகும். 1940 களில் பென்சிலின் பரவலாக வரும்வரை, உலகம் முழுவதும் பிள்ளைகள் காது நோயில் இறந்தார்கள். "காதுதானே" என்று சொல்லக்கூடிய காலம் உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை.

1954 இல் அமெரிக்காவின் ஆம்ஸ்ட்ரோங் என்ற வைத்தியர், நீர் வற்றாத காதுகளுக்குச் செவிப்பறையில் ஒரு மிகச் சின்ன பிளாஸ்ரிக் குழாய் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதிலிருந்துதான் இன்று "குறோமற்" என்று நம் ஆஸ்பத்திரிகளிலும் சொல்லப்படுவது.

இரண்டு வருடம் கழித்து, 1956 இல், கைதடியில் செவிப்புலன், விழிப்புலன் இழந்த தமிழ் பேசும் பிள்ளைகளுக்காக நவீல்ட் பாடசாலை தொடங்கியது. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்குக் கையாலும் உதட்டாலும் உலகத்தைத் திறந்து கொடுத்த இடம் அது. அந்தப் பிள்ளைகளின் நிலைமை வேறு, காதடைத்த பிள்ளையின் நிலைமை வேறு. கேளாத பிள்ளையை எல்லாருக்கும் தெரியும், அவனுக்கென்று ஒரு பாடசாலை இருக்கிறது. பாதி கேட்கிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவன் நம் வகுப்பில்தான் இருப்பான், பின் வாங்கில்.

கிடுகுக் கொட்டில் வருடங்கள்

இதை எழுதாமல் விட நினைத்தோம். விட்டால் கதை முழுமையாகாது.

1990 ஒக்டோபர் 30 அன்று ஜின்னா மைதானத்துக்கு நம் ஊராட்கள் அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லப்பட்டார்கள். வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த மாதத்தில் வெளியேறினார்கள். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது புத்தளம். முப்பது வயதுக்காரராக இன்று இந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்கும் நாங்கள் வளர்ந்தது அங்கேதான், கிடுகுக் கொட்டில்களில்.

பிள்ளைகளின் காதைக் கெடுப்பது எது என்று இன்று வைத்தியம் சொல்லும் பட்டியலைப் பாருங்கள். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுப்பது. திரும்பத் திரும்ப வரும் தடிமன். விறகடுப்பின் புகை. பீடி, சிகரெட் புகை. தாய்ப்பால் குறைவு. பிள்ளையைப் படுக்க வைத்துப் போத்தல் கொடுப்பது. நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காமை. முகாம் வாழ்க்கையில் இதில் எது இல்லை? ஒரு கொட்டிலுக்குள் ஏழெட்டுப் பேர். அதே கொட்டிலின் மூலையில் அடுப்பு. மழை வந்தால் ஈர மண்ணில் பாய்.

எங்களோடு படித்தவர்களில் "காது வடியிறவன்" என்று பட்டப்பெயர் இல்லாத வகுப்பே இல்லை. காதில் பஞ்சு, பக்கத்தில் இருந்தால் ஒரு மணம், யாரும் அவனோடு சேரமாட்டார்கள். பின்னேரப் பாடசாலையில், அறுபது பிள்ளை இருக்கிற வகுப்பில், அவன் என்ன கேட்டிருப்பான்? சாதாரண தரத்துக்கு முன்பே கடைக்கோ கடலுக்கோ போய்விட்டான். "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று எல்லாரும் சொன்னோம். எத்தனை பேருக்கு ஏறாதது படிப்பு, எத்தனை பேருக்குக் கேட்காதது காது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இழந்த வீட்டுக்கும் காணிக்கும் படிவம் நிரப்பினோம். இதற்கு ஒரு படிவம் இல்லை.

உம்மாமாரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்தது உள்ளியும் எண்ணெயும் துஆவும்தான். இன்று நம் கையில் அதைவிடக் கூட இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால்தான் குற்றம்.

இப்போது வீட்டில் என்ன செய்யலாம்

2015 இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நடுக்காதில் நீர் தங்கிய, 4 முதல் 11 வயது வரையான 320 பிள்ளைகள். பாதிப் பேருக்கு வழமையான கவனிப்பு. மற்றப் பாதிப் பேருக்கு அதோடு சேர்த்து, மூக்கால் ஊதுகிற ஒரு விசேட பலூன், நாளுக்கு மூன்று தரம். மூன்று மாதத்தில் பலூன் ஊதியவர்களில் கிட்டத்தட்ட 50 சதவீதமானவர்களுக்குக் காது வழமைக்குத் திரும்பியது. ஊதாதவர்களில் 38 சதவீதம். பெரிய அற்புதம் இல்லை, ஆனால் மருந்தில்லாத உண்மையான உதவி. வல்சால்வா சொன்னதும் பொலிற்சர் செய்ததும்தான் பிள்ளையின் கையில் விளையாட்டாக வந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பலூன் ஊதாமலே 100 இல் 38 பேருக்குச் சரியாகியிருக்கிறது. பெரும்பாலான காதடைப்பு சில கிழமைகளிலோ, சில மாதங்களிலோ தானாகத் தெளியும். பொறுமையும் ஒரு மருந்து, கண்காணிப்போடு இருந்தால்.

எனவே, நாங்கள் விசாரித்து, வாசித்து விளங்கிக்கொண்டவை:

1. தடிமனோடு காதடைத்தால் மூக்கைக் கவனியுங்கள். பாமசியில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மூக்குக்கு நல்லது. மூக்குச் சீறும்போது ஒரு பக்கத்தை மூடி மற்றப் பக்கத்தால், மெதுவாக. இரண்டையும் அமத்திப் பலமாகச் சீறவைக்கக் கூடாது.

2. அடிக்கடி விழுங்க வையுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், கஞ்சி, சூப். கொட்டாவி விட வைத்து விளையாடுங்கள். விழுங்கும் ஒவ்வொரு முறையும் உள் வாசல் திறக்கிறது.

3. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். காதுக்குள் அல்ல, வாய்க்குள். அதில் நோயெதிர்ப்பு இருக்கிறது. போத்தல் கொடுப்பதானால் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

4. வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். வாப்பாமார் இதை இரண்டு தரம் வாசியுங்கள். அடுப்புப் புகைக்கு வழி விடுங்கள்.

5. வலி, காய்ச்சல் இருந்தால் பரசிற்றமோல், பிள்ளையின் நிறைக்கு டொக்டர் சொன்ன அளவில். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். தடிமன் சிறப்பையும் பழைய அன்ரிபயற்றிக் போத்தலையும் நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். நடுக்காது நீருக்குத் தடிமன் சிறப்பால் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

6. காதுக்குள் எண்ணெய், பால், சாறு எதுவும் வேண்டாம். ஈர்க்கு, பின், பஞ்சுக்குச்சி எதுவும் வேண்டாம். குறும்பி தானாக வெளியே வரும். கிண்டினால் உள்ளே போகும். அது இறுகி அடைத்தால் எடுப்பது வைத்தியரின் வேலை.

7. கொதிநீர்ச் சட்டியில் சின்னப் பிள்ளைக்கு வேது பிடிப்பிக்க வேண்டாம். சட்டி சரிந்து வெந்துபோகிற ஆபத்து, கிடைக்கும் பலனைவிடப் பெரியது.

8. காது வடிந்தால் அடைத்து வைக்காதீர்கள். சுத்தமான மெல்லிய துணியைத் திரித்து வாசலில் வைத்து ஒற்றி எடுத்து, காதை உலர வைத்திருங்கள். குளிக்கும்போது தண்ணீர் போகவிடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள்.

9. மூக்குப் பலூன் நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, டொக்டரைக் கேட்டு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பிறந்தநாள் பலூன் இதற்குச் சரிவராது.

எப்போது ஓடவேண்டும்

காதுக்குப் பின்னால் வீக்கமோ சிவப்போ வந்து காது முன்னுக்குத் தள்ளினால், கழுத்து விறைத்தால், முகம் ஒரு பக்கம் இழுத்தால், பிள்ளை சோர்ந்து மயங்கினால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சலோடு காது வலி என்றால், விளையாட்டுச் சாமானில் இருக்கும் பொத்தான் பற்றரி காதுக்குள்ளோ மூக்குக்குள்ளோ போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

அவசரம் இல்லை, ஆனால் விடக்கூடாதவை: டீவிச் சத்தத்தைக் கூட்டுவது, கூப்பிட்டால் திரும்பாதது, அடிக்கடி "ஆ?" என்பது, பேச்சுப் பிந்துவது. மூன்று மாதத்துக்கு மேல் இப்படி என்றால், அல்லது இரண்டு காதும் மந்தம் என்றால், காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேட்டலைப் பரிசோதிக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

ஆசிரியர் சகோதரங்களுக்கு: சந்தேகம் இருந்தால் பிள்ளையின் பின்னால் நின்று, மெதுவான குரலில் பெயரைச் சொல்லிப் பாருங்கள். இது பரிசோதனை ஆகாது, ஆனால் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்க ஒரு காரணம் கிடைக்கும். முன் வாங்கில் இருத்துங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைக்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதையுங்கள். முக்கியமாக, காதில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக

ஒரு பிள்ளை பிறந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? அதன் காதில் பாங்கு சொல்கிறோம். கண் திறந்து பார்க்க முன்பே அதன் காதை நம்பி ஒரு சொல்லைக் கொடுக்கிறோம். அந்தக் காது நம் பொறுப்பு என்று அன்றைக்கே ஏற்றுக்கொள்கிறோம்.

அந்த மகனைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்றாம் மாதக் கிளினிக்கில் ஒரு காது தெளிந்துவிட்டது. மற்றதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது முன் வாங்கில் இருக்கிறான். போன கிழமை சொல்வதெழுதலில் "பல்" என்று சொன்னோம். "பல்" என்று எழுதினான். அவனிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை, சிரித்தான்.

முகாம் காலத்தில் காது வடிந்தவர்கள், இப்போதும் ஒரு பக்கம் மந்தமாகக் கேட்கிறவர்கள் இந்தப் பதிவை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கும் இதற்கு வைத்தியம் உண்டு. இனி என்ன என்று விட்டுவிடாதீர்கள், போய்க் காட்டுங்கள். மூத்தவர்கள் யாருக்காவது மானிப்பாய், இணுவில் ஆஸ்பத்திரிகள் பற்றியோ, நம் தெருவில் இருந்த பரியாரிமார், ஹக்கீம்மார் பற்றியோ நினைவு இருந்தால் கீழே எழுதுங்கள். அதையும் சேர்த்து வைப்போம்.

நாளைக் காலை உங்கள் பிள்ளையைப் பின்னால் நின்று ஒருமுறை மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பினால் அல்ஹம்துலில்லாஹ். திரும்பாவிட்டால் ஏசாதீர்கள்.